பலகையில் உங்கள் பாதி

அக்கா,

எங்கள் பலகையைக் கழற்றியது அநியாயம். என்னைக் கேட்காமல் கழற்றினார்கள். உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரைச் சொல்லிக் கழற்றினார்கள். இத்தனை வருடம் கழித்தும் இதைத்தான் முதலில் எழுதுகிறேன். செத்துப்போனவருக்கு எழுதும் மடலை இப்படியா தொடங்குவது என்று கேட்பீர்கள். எனக்கு வேறு விதமாகத் தொடங்க வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்று காலை குசினி மேசையில் இருந்துகொண்டு உங்கள் சிவப்பு மார்க்கரின் மூடியைத் திறந்தேன். ஆஸ்பத்திரி ஸ்பிரிட் போல ஒரு மணம் மூக்கில் ஏறியது. அந்த மணத்தோடு மண்டபத்து வாசலும், ஊதா மேலங்கியும், காலில் போடும் கம்பளிக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு பலகை துடைக்கும் நீங்களும் வந்தீர்கள். மார்க்கரை உங்கள் மகள் நேற்றுக் கொண்டுவந்து தந்தார். அதோடு நான்காக மடித்த ஒரு கடுதாசியும் தந்தார். வாசித்தேன். கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் நன்றியும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் எனக்குத் தெரிந்த ஒரே வழி எழுதுவதுதான்.

இதன் பிரதி ஒன்று உங்கள் மகளுக்கும் இன்னொன்று மண்டபத்துக்கும் போகப்போகிறது. ஆகவே உங்களுக்குத் தெரிந்த விஷயங்களையும் சொல்லிக்கொண்டு போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் பிளேஸ்டோவில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் மண்டபம் அது. புதன்கிழமை பகல் தமிழ் முதியவர்களுக்கு. பதினொரு மணிக்குத் தேத்தண்ணீர், பன்னிரண்டரைக்குத் தேவாரம், பிறகு மரக்கறிச் சாப்பாடு. நாற்பது பேரளவில் வருவோம். வாசலில், மேலங்கி கொழுவும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அதில் வாராவாரம் ஒரு கருத்து எழுதுவது என் வேலை. யாரும் தந்த வேலையில்லை, நானே எடுத்துக்கொண்டது. எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. பெற்றோல் ஸ்டேஷன் கல்லாவில் இருபத்திரண்டு வருடம் நின்று, விற்காத பத்திரிகைகளையும் நூலகப் புத்தகங்களையும் வாசித்து என்னை நானே படிப்பித்தவன் நான். டாக்டரும் எஞ்சினியரும் அந்த மண்டபத்துக்கு வந்தார்கள். எழுதினவன் நான்தான்.

அந்தக் கோடையில் எங்கள் கோயில் தேர். தேரடியில் தண்ணீர்ப் பந்தலில் நின்றபோது ஒருவர் சிரித்த முகத்தோடு என் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தை வைத்துவிட்டுப் போனார். நான் கும்பிடுவது பிசாசு என்று அதில் போட்டிருந்தது, நல்ல தமிழில். நான் பொலிசைக் கூப்பிடவில்லை. யாரிடமும் முறைப்பாடு கொடுக்கவில்லை. தெருவில் நின்று அதைச் சொல்வது அவர் உரிமை, பலகையில் பதில் சொல்வது என் உரிமை என்று நினைத்தேன். வந்த புதன்கிழமை இப்படி எழுதினேன்:

“சாமியை மாற்றுவது சட்டையை மாற்றுவது போல அல்ல. சோற்றுக்கும் கட்டிலுக்கும் சாமியை மாற்றியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் நமக்குச் சொர்க்கத்துக்கு வழி சொல்ல வரவேண்டாம்.”

நாற்பது பேரில் நான்கு பேர் கிறிஸ்தவர்கள். மூன்று பேர் பிறப்பிலேயே அப்படி. லண்டனுக்கு வந்தபிறகு மாறியவர் நீங்கள் ஒருவர்தான். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு தேவாலயம் உங்களுக்குப் படுக்க இடம் தந்தது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பெயர் எழுதவில்லை என்பதே என் வாதம். அந்த வாதத்தைப் பின்னால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லத்தான் போகிறேன்.

அன்று நீங்கள் வந்தீர்கள், மேலங்கியைக் கொழுவினீர்கள், பலகையை வாசித்தீர்கள். உள்ளே போய் வழக்கமான கதிரையில் இருந்தீர்கள். எந்தச் சாமியையும் நம்பாத எங்கள் பொன்னம்பலம் அண்ணை சீட்டுக்கட்டைக் கலைத்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார்: “டேய், உன்ர பலகை இண்டைக்குக் கடிக்குது.”

“கடிக்கத்தானே எழுதினது” என்றேன்.

உங்களைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஸ்ட்ரெதமிலிருந்து மகள் வந்தார். அலுவலகத்தில் வேலையாட்களின் முறைப்பாடுகளைக் கையாள்வதுதான் அவருடைய உத்தியோகம். பலகையை வாசித்தார், தொலைபேசியில் ஒரு படம் எடுத்தார். உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை சுவரில் நான்கு திருகாணித் துளைகள்தான் இருந்தன. என் பெயருக்கு ஒரு கடிதம் காத்திருந்தது. மதத்தைக் காரணமாக வைத்து ஒருவரை அவமதிக்கும் எழுத்துக் காட்சிக்கு வைக்கப்பட்டதாக முறைப்பாடு வந்திருக்கிறதாம். சமத்துவச் சட்டத்தின்படி விசாரிக்கிறார்களாம். விசாரணை முடியும்வரை பலகையும் இல்லை, சாப்பாட்டுக்கு முன் மதப் பாடலும் இல்லை. பலகையில் எழுதியது நான். தேவாரம் என்ன செய்தது? அன்று நாற்பது பேரும் வாய் திறக்காமல் சாப்பிட்டோம். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆறு வாரம் அப்படிப் போனது. நான் நூலகத்துக்குப் போய் மனித உரிமைச் சட்டத்தைப் பிரதி எடுத்தேன். ஒன்பதாவது பிரிவு நம்பிக்கைக்கு, பத்தாவது பிரிவு பேச்சுக்கு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பந்தி. முதல் பந்தி உரிமையைத் தரும், இரண்டாவது பந்தி மற்றவர் உரிமைக்காக அதில் கொஞ்சம் பிடித்துவைக்கும். முதல் பந்திகளுக்கெல்லாம் கீழே கோடு கீறினேன். பதினான்கு பக்கத்தில் என் வாதத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். தனியாகவே எழுதினேன். உதவி கேட்டுப் போயிருந்தால் “விட்டுட்டுப் போங்கோ, அண்ணை” என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

விசாரணை மண்டபத்தின் பின்னறையில் நடந்தது. அப்போதிருந்த மனேஜர் உயரமான, மெல்லப் பேசும் வெள்ளைக்காரப் பெண்மணி. கெட்டவர் இல்லை, பயந்தவர். ஒரு பக்கம் உங்கள் மகள், முன்னால் கோப்போடு. மறுபக்கம் நான், என் பதினான்கு பக்கத்தோடும் கோடு கீறிய சட்டப் பிரதியோடும். பஸ் பிந்திவிட்டது என்று சொல்லிக்கொண்டு நீங்கள் கடைசியாக வந்தீர்கள். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் பதினெட்டு வருடம் வேலை செய்த உங்களுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அன்று வேண்டுமென்றே தமிழில் பேசினீர்கள். மகளே மொழிபெயர்க்கட்டும் என்றீர்கள். ஏனென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

எழுதியதை வாசித்து மனம் நொந்தீர்களா என்று மனேஜர் கேட்டார்.

“ஓம், நொந்தது. ரெண்டு நாள் ஒழுங்காச் சாப்பிடேல்லை.”

மகள் அதை உடனே ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு உங்களிடம் திரும்பினார். “இஞ்ச வரப் பயமா இருக்கோ எண்டு கேக்கிறா, அம்மா.”

“ஆரைக் கண்டு? உவரையோ? உவருக்கு ரெண்டு முழங்காலும் ஒப்பரேஷன். நான் நடந்தே தப்பியிடுவன்.”

“அம்மா, இதை என்னால சொல்லேலாது.”

“சொல்லு. ஒரு சொல்லும் விடாமச் சொல்லு.”

சொன்னார். மனேஜர் சிரித்துவிட்டு, சிரிக்கக் கூடாது என்று நினைத்தோ என்னவோ, வாயைக் கையால் மூடினார். அப்போதுதான் நீங்கள் அதைச் சொன்னீர்கள். பதினான்கு பக்கத்தில் நான் எங்கேயும் எழுதியிராதது அது.

“நொந்தது நான். முறைப்பாடு நான் குடுக்கேல்லை. என்ர மோள் குடுத்தவள், என்னில உள்ள பாசத்தில. அதில பிழை சொல்ல மாட்டன். ஆனா பலகையைக் கழட்டினா நான் எங்கை பதில் எழுதிறது? உவர் எழுதினதை எல்லாரும் வாசிச்சாச்சு. என்ர பதிலை ஒருத்தரும் வாசிக்கேல்லை. இப்ப உவர்தான் கடைசியாக் கதைச்ச ஆள். அது உங்களுக்கு நியாயமாப் படுதோ?”

மகள் உங்களைப் பார்த்தார். நீங்கள் காத்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு அவர் தன் சொந்த முறைப்பாட்டுக்கு எதிராகத் தன் தாயின் வாதத்தை ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். நல்ல ஆங்கிலம். அதை நான் இன்றும் மெச்சுகிறேன்.

“பலகையைத் திருப்பிப் பூட்டுங்கோ. நடுவில ஒரு கோடு கீறுங்கோ. பாதி எனக்கு” என்று முடித்தீர்கள்.

அன்று எனக்கு உங்களில் கோபம். ஆறு வாரம் படித்துத் தயாரித்த வழக்கை, என் சட்டத்தில் ஒரு வரியும் தொடாமல், என்னால் நொந்தவர் வந்து வென்று தந்துவிட்டுப் போனார். அந்தக் கோபத்தோடுதான் உங்களுக்குப் பக்கத்தில் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். நீங்களே கதையைத் தொடக்கினீர்கள்.

“தம்பி, உம்மட கடுதாசியைப் பாத்தனான். ரெண்டாவது பந்திக்குக் கோடு கீறேல்லை.”

எழுபதைத் தாண்டிய என்னைத் தம்பி என்று கூப்பிட இந்த நகரத்தில் நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்.

“வாசிச்சனான், அக்கா. கோடு கீறத் தேவையில்லை எண்டு விட்டனான்.”

“என்ர சாமியைப் பற்றி என்னவும் எழுதும். நான் தாங்குவன். அவர் என்னைவிடத் தாங்குவார். என்ர கட்டிலைப் பற்றி எழுதாதையும். சாமி எல்லாருக்கும் பொது. கட்டில் என்ர.”

“நான் பேர் எழுதேல்லை.”

“நாப்பது பேரில கட்டிலுக்கு மாறினது எத்தினை பேர், காணும்?”

பஸ் வந்தது. நீங்கள் ஏறிப் போனீர்கள். எனக்குரிய பஸ்ஸும் அதுதான். நான் அடுத்ததற்கு நின்றேன்.

பலகை திரும்பி வந்தது, ஆளைச் சுட்டி எழுதக் கூடாது என்ற ஒரு நிபந்தனையோடு. நடுவில் கறுப்புக் கோடு. இடப்பாதியில் என் நீலம், வலப்பாதியில் உங்கள் சிவப்பு. முதல் புதன்கிழமை, மண்டபம் திறக்குமுன் போய் நின்று நீங்கள் எழுதியது எனக்கு மனப்பாடம்:

“ஓம், நான் கட்டிலுக்குத்தான் மாறினேன். அந்த மார்கழியில், இருந்த வீட்டிலிருந்து இறக்கிவிட்டபோது, ஐந்து வயதுப் பிள்ளையோடு நான் முதலில் போனது கோயிலுக்கு. மத்தியானம் இரண்டரை மணி. பூட்டியிருந்தது. தட்டினேன். திறக்கவில்லை. தேவாலயத்தின் பக்கக் கதவு திறந்திருந்தது. ஒரு மடக்குக் கட்டில் போட்டுத் தந்தார்கள். அதில் படுத்துக்கொண்டுதான், இவர்கள் யாரைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்டேன்.”

மேலங்கியைக் கழற்றாமல் நின்று வாசித்தேன். சாப்பாட்டு மேசையில் உங்களிடம் வந்து, எந்தக் கோயில், எந்த வருடம் என்று கேட்டேன். சொன்னீர்கள்.

அந்த வருடம் அந்தக் கோயிலின் பூட்டும் திறப்பும் என்னிடம் இருந்தன, அக்கா.

மதியப் பூசை முடிந்தால் நடை சாத்துவோம். மாலை ஐந்து மணிக்குத்தான் திறப்போம். இடையில் யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்பது ஒழுங்கு. ஊரில் இருந்த ஒழுங்கை அப்படியே இங்கே கொண்டுவந்திருந்தோம். ஊரில் நடை சாத்தினால் வந்தவர் வெளி மண்டபத்தில் இருக்கலாம், மரத்தடியில் இருக்கலாம், பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்கலாம். இங்கே கதவுக்கு வெளியே நடைபாதையும் மழையும்தான். நாலு மணிக்கே இருட்டிவிடும். அதை நாங்கள் யோசிக்கவில்லை. வேலை இல்லாத நாட்களில் நான் உள்ளேயே இருந்து விளக்குத் துலக்குவேன், சாமிக்குச் சாத்திய பட்டுகளை மடிப்பேன். கதவு தட்டும் சத்தம் கேட்கும். எழும்ப மாட்டேன். ஒழுங்கைக் காப்பதும் பூசைதான் என்று எனக்குள் பெருமை வேறு. நான் கேட்டுக்கொண்டிருந்த தட்டல்களில் ஒன்று உங்களுடையது என்று என்னால் சொல்ல முடியாது. உங்களுடையது இல்லை என்றும் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் என் பாதியில் எழுதினேன்: “அந்த வருடம் திறப்பு என்னிடம் இருந்தது. கதவு பூட்டியிருந்தது பிழை. கட்டிலைப் பற்றி நான் எழுதியதும் பிழை. கட்டிலுக்காகச் சாமியை மாற்றக் கூடாது என்ற கருத்தை நான் மாற்றவில்லை.”

பொன்னம்பலம் அண்ணை கண்ணாடியைப் போட்டு வாசித்தார். “மன்னிப்புக் கேக்கிற மாதிரியும் கிடக்கு, அடிக்க வாற மாதிரியும் கிடக்கு. இதென்னடா எழுத்து?”

நீங்கள் சிரிக்கவில்லை. இரண்டு தரம் வாசித்தீர்கள். பிறகு கைப்பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்து, உங்கள் பாதியில் ஒரே ஒரு வரி எழுதினீர்கள்.

“இப்போது எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள்?”

அப்போதும் அதே ஐந்து மணிதான். பலகையில் பதில் எழுத முடியாமல் கோயில் பொதுக்கூட்டத்துக்குப் போனேன். சாமிக்கு ஓய்வு வேண்டும், சரி. அன்னதான மண்டபத்துக்கு எதற்கு ஓய்வு என்று கேட்டேன். களவு போகும் என்றார்கள். கண்டவர்களும் வந்து படுப்பார்கள் என்றார்கள். “படுக்கட்டும், அதுக்குத்தானே கேக்கிறன்” என்றேன். இரண்டு குளிர்காலம் சண்டை பிடித்தேன். சபைக்காரர்கள் என்னைக் கண்டால் வேறு வாசலால் போகத் தொடங்கினார்கள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். இன்று குளிர்காலம் முழுக்க அன்னதான மண்டபத்தின் பக்கக் கதவு ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை திறந்திருக்கிறது. வாளி போன்ற ஒரு பெரிய தேத்தண்ணீர்க் கேத்தில், கொஞ்சம் பிஸ்கட், காவலுக்கு எங்களில் ஒருவர். வியாழக்கிழமை என் முறை.

நீங்கள் ஒரு தரம் வந்தீர்கள். உள்ளே கர்ப்பக்கிரகப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. கதவடியில் நின்று தேத்தண்ணீரை வாங்கிக் குடித்தீர்கள். “சீனி காணாது” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

புதன்கிழமை மண்டபத்தில் தேவாரமும் திரும்பி வந்தது. அதற்கும் நீங்கள்தான் காரணம். “தேவாரம் இல்லாமச் சோறு இறங்குதில்லை. என்ர பாஸ்டருக்குச் சொல்லிப்போடாதையும்” என்று என் காதுக்குள் சொன்னீர்கள். மனேஜரிடம் போய் ஒரு ஒழுங்கு செய்துகொண்டு வந்தீர்கள்: முதலில் ஒரு தேவாரம், அதன்பின் உங்கள் சிறிய ஜெபம், அதன்பின் ஒன்றையும் கும்பிடாதவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம். மௌனத்தை முதலில் உடைத்தவர் யாருக்காக அது வைக்கப்பட்டதோ அவர்தான். “உங்கட ரெண்டு சாமியும் முறை எடுக்க, என்ர சோறு ஆறுது” என்றார் பொன்னம்பலம் அண்ணை. தேவாரத்தின் இரண்டாம் அடியை நான் மறந்த நாளில் எடுத்துக் கொடுத்தது யார் என்று இங்கே எழுத மாட்டேன். உங்கள் பாஸ்டரும் இதை வாசிக்கக் கூடும்.

வருடக்கணக்காகச் சண்டை பிடித்தோம். மறுபிறவி, உயிர்த்தெழுதல், ஆட்டிறைச்சி, விரதம், சீதனம், தேவாலயங்களின் ஒலிபெருக்கி, கோயில்களின் ஒலிபெருக்கி. சாப்பாட்டுக்குப் பிந்தி வருபவர்கள் பலகை வாசிக்க நேரத்தோடு வந்தார்கள். நான் ஒரு வாதத்திலும் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் இதை ஒப்புக்கொள்கிறேன். அன்று அந்தப் பலகை திரும்பி வராமல் போயிருந்தால், அநியாயம் செய்யப்பட்டவன் என்று மட்டும் என்னை நினைத்துக்கொண்டு செத்திருப்பேன். அநியாயம் செய்தவனும் நான்தான் என்பது எனக்குத் தெரிய வந்திராது. என் எழுத்தை அழித்தவர்களால் அதை எனக்குச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பக்கத்தில் எழுதிய உங்களால் முடிந்தது.

போன மாதம் ஃபாரஸ்ட் கேட்டில் உங்கள் தேவாலயத்துக்கு வந்தேன். நெற்றியில் திருநீற்றோடு பின்வரிசையில் இருந்தேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பெட்டியில் நீங்கள் சின்னதாகத் தெரிந்தீர்கள். உங்களைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் வரலாம் என்று சொன்னபோது பொன்னம்பலம் அண்ணை என் விலாவில் இடித்தார். “போய்ச் சொல்லன். பலகை இல்லாட்டி உனக்கு வாய் திறக்காதோ?” திறக்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

நேற்று வந்தது உங்கள் மகள். முதல் இரண்டு வருடம் என்னோடு பேசாதவர்; பிறகு “அங்கிள்” என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டவர். மார்க்கரையும் கடுதாசியையும் மேசையில் வைத்தார். “அம்மாவின்ர கைப்பையில இருந்தது. உங்களுக்கெண்டு நினைக்கிறன்.”

கடுதாசியில் இருந்தது, பால் அபிஷேகம் வீண் செலவென்று சொல்பவர்களுக்குப் பதிலாக நான் பலகையில் கடைசியாக எழுதிய கருத்துக்கு உங்கள் மறுமொழி. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபடி எழுதியது போலும். எழுத்துக் கொஞ்சம் சரிந்திருக்கிறது. “கல்லுக்கு ஊற்றும் பாலைப் பற்றித் தம்பி பலகை நிறைய எழுதிவிட்டார். கல் குடிக்காது. வியாழக்கிழமை பக்கக் கதவில் அவர் ஊற்றும் தேத்தண்ணீரை மனிதர் குடிக்கிறார்கள். இரண்டில் எது பூசை என்று அவரே சொல்லட்டும். சீனி இன்னும் காணாது.”

கல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வயதிலிருந்து நான் கும்பிட்டவரை. தைத்தது, அக்கா. இப்போதும் தைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

மண்டபத்தில் இப்போது புதிய மனேஜர். மதம் பற்றி எழுதுவதை மூன்று நாள் முன்னதாகக் காட்ட வேண்டும் என்பது புதிய விதி. என்னிடம் வருமுன்னே மகள் உங்கள் கடுதாசியை மொழிபெயர்த்து அவரிடம் காட்டியிருக்கிறார். இந்துக்களின் மனம் புண்படலாம், முறைப்பாடு வரலாம், போடாமல் விடுவதே நல்லது என்று பதில் வந்திருக்கிறது. உங்கள் பாதியில் யோகா வகுப்பு அறிவித்தல் ஒட்டலாம் என்றும் ஒரு யோசனை.

“என்ன செய்வம், அங்கிள்?” என்று கேட்டார் மகள். “போட்டா ஆராவது கம்பிளெயின் பண்ணுவினம்தான்.”

“பண்ணட்டும், பிள்ளை. அது அவையின்ர உரிமை. கேட்டுப்போட்டு அழிக்கட்டும். அழிச்சுப்போட்டுக் கேக்க வேண்டாம்.”

“உங்களுக்கு நோகேல்லையோ?”

“நொந்தது. நொந்தது நான்தானே. முறைப்பாடு நான் குடுக்கேல்லை.”

அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கிச் சிரித்தார். “அம்மா மாதிரியே கதைக்கிறீங்கள்.”

“இல்லை. கொம்மாதான் கடைசிவரை என்னை மாதிரிக் கதைச்சவ” என்றேன். விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

இனி ஆகவேண்டியதைச் சொல்கிறேன்.

மண்டபத்து மனேஜர் உங்கள் கடுதாசியைப் போட விட வேண்டும். முறைப்பாடு வந்தால் அதை மரியாதையாக வாங்க வேண்டும். நொந்தவரை நேரில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், எழுதியவரையும் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் திருகாணியில் கை வைக்க வேண்டும். ஆளைச் சுட்டி எழுதினால், அன்று நான் எழுதியது போல எழுதினால், தயங்காமல் நிறுத்த வேண்டும். இரண்டாவது பந்திக்கும் நான் இப்போது கோடு கீறியிருக்கிறேன். பிரதியை இத்துடன் வைக்கிறேன்.

புதன்கிழமைக் குழுவினர் வலப்பாதியில் எந்த அறிவித்தலும் ஒட்டக் கூடாது. அது என்னோடு ஒத்துப்போகாதவருக்கு உரியது. பொன்னம்பலம் அண்ணை எத்தனையோ வருடமாக வாயால் கடித்துக்கொண்டிருக்கிறார், மார்க்கர் பிடிக்கட்டும். கறுப்பு வாங்கித் தருகிறேன். சிவப்பு கிடையாது.

உங்கள் மகள் தேவாலயத்திலோ அலுவலகத்திலோ இனி ஒருவருக்காக முறைப்பாடு எழுதுமுன் அவரிடம் ஒரு சொல் கேட்க வேண்டும். அவருக்குச் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கே அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

கோயில் சபை பக்கக் கதவைக் கோடையிலும் திறக்க வேண்டும். அன்னதான மண்டபத்து அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில் வாங்கி வைக்க வேண்டும். அதில் படுப்பவரிடம் எந்தச் சாமி என்று கேட்கக் கூடாது. சபை இதற்கு ஒத்துக்கொள்ள மேலும் இரண்டு குளிர்காலம் ஆகலாம். நான் இருக்கிறேன்.

நான் வியாழக்கிழமைகளில் சீனியைக் கூட்ட வேண்டும். உங்கள் மார்க்கர் என் சட்டைப் பையில் இருக்கிறது. மை முடியும்வரை அங்கேதான் இருக்கும். வருகிற புதன்கிழமை, மண்டபம் திறக்குமுன் போய் நின்று, வலப்பாதியில் உங்கள் சொற்களை நானே எழுத வேண்டும், கல் என்ற சொல்லையும் விடாமல். என்னிடம் பதில் இருக்கிறது. நல்ல பதில். அதை எழுத மாட்டேன். அந்த வாரம் இடப்பாதி வெறுமையாக இருக்கும். கடைசியாகக் கதைத்தவர் நீங்களாக இருக்க வேண்டும்.

தம்பி